நானோ தொழில்நுட்பம் படிக்கலாமா? மதுரை வட்டார மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நானோ என்றால் எவ்வளவு சிறியது?

ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். டி.என்.ஏ. இழையின் அகலம் 2 நானோமீட்டர். விரல் நகம் ஒரு நொடியில் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் வளர்கிறது. ஏதாவது ஒரு பக்கமாவது 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருக்கும் பொருளைத்தான் பொதுவாக நானோபொருள் என்கிறார்கள். கடையில் ‘நானோ’ என்று பெயர் வைத்து விற்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

சிறிதாக்கினால் மட்டும் என்ன மாறிவிடும்? தங்கம் தங்கம்தானே?

மாறும். முதலில் பரப்பளவு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள தங்கக் கட்டியின் ஆறு முகங்களையும் சேர்த்தால் 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக நறுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். நம் ஊர்க் கணக்கில் சுமார் 15 சென்ட் நிலம். வேதிவினை நடப்பது மேற்பரப்பில் என்பதால், உள்ளே முடங்கிக் கிடந்த அணுக்கள் எல்லாம் வேலைக்கு வந்துவிடுகின்றன.

இரண்டாவது, ஒளியோடும் மின்சாரத்தோடும் பொருள் நடந்துகொள்ளும் விதம். 13 நானோமீட்டர் தங்கத் துகள்கள் மிதக்கும் தண்ணீர் மஞ்சளாக இருக்காது, ஒயின் சிவப்பாக இருக்கும். தங்கத்தின் எலெக்ட்ரான்கள் கூட்டமாக அசைந்து 520 நானோமீட்டர் அலைநீளத்துப் பச்சை ஒளியை விழுங்கிவிடுவதே காரணம். குவாண்டம் புள்ளிகள் எனப்படும் நானோ அளவு குறைகடத்தித் துகள்களில் ஒரே பொருள் அளவுக்கு ஏற்ப நீலமாகவும் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிரும். அந்தப் புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கீழடிப் பானையில் நானோ இருந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. மதுரையிலிருந்து ராமநாதபுரம் போகும் வழியில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது கீழடி. அங்கே கிடைத்த கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளின் கரிய உட்பூச்சில் கார்பன் நானோகுழாய்கள், அதாவது கார்பன் அணுக்களால் ஆன நுண்குழாய்கள், இருப்பதை வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டார்கள். 2020இல் சைன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் கட்டுரை வெளிவந்தது. அதற்கு முன் பழைய நானோகுழாய் என்று பேசப்பட்டது 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் இருந்ததுதான். 2006இல் நேச்சர் இதழில் அந்தச் செய்தி வந்தது. அந்த வகை வாள்களுக்கான ஊட்ஸ் எஃகு தென்னிந்தியாவிலிருந்தும் போனது.

இதை வைத்து நம் குயவர்கள் நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தார்கள் என்று மேடையில் பேசுவது சரியல்ல. ஏதோ ஒரு கரிமப் பூச்சு சூளைச் சூட்டில் இப்படி மாறியிருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் கருத்து. அவர்களுக்குத் தெரிந்திருந்தது எந்தப் பூச்சு, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது. அந்தப் பூச்சு 2,000 ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் உரியவில்லை. அந்தக் கைப்பக்குவமே போதுமான பெருமை.

இப்போது இது எங்கேதான் பயன்படுகிறது?

நீங்கள் ஏற்கெனவே கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். மருந்துக் கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நானோதுகள்தான். இரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றும் அயர்ன் சுக்ரோஸ் மருந்தில் சில நானோமீட்டர் அளவு இரும்பு ஹைட்ராக்சைடு மையத்தைச் சர்க்கரை உறை போர்த்தியிருக்கிறது. வெறும் இரும்பு உப்பை நேராக இரத்தத்தில் ஏற்றினால் நஞ்சாகும். அந்த உறை இரும்பை மெதுவாக விடுவிக்கிறது. கொரோனாவுக்கான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் சுமார் 100 நானோமீட்டர் கொழுப்பு உருண்டைக்குள் அடைக்கப்பட்டு வந்தன.

டயர் கறுப்பாக இருப்பது கார்பன் பிளாக்கால். அதன் அடிப்படைத் துகள்கள் பல வகைகளில் 100 நானோமீட்டருக்கும் கீழே. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டயர் ஆலை இருக்கும் ஊர் நம்முடையது. ரப்பர் கலவையில் கார்பன் பிளாக் திட்டுத் திட்டாக நின்றுவிட்டால் டயர் அந்த இடத்தில்தான் முதலில் விரிசல் விடும். துகளைச் சீராகப் பரவ வைப்பது எப்படி என்பது நானோ துறையின் பாதிப் பிரச்சினை.

குடிநீரில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் தலப்பில் பிரதீப் குழுவினர் செய்த பணியைக் கட்டாயம் படியுங்கள். பூச்சிக்கொல்லி எச்சத்தை வெள்ளி நானோதுகள் மூலம் நீக்கும் வடிகட்டியும், ஆர்செனிக்கை நீக்கும் ‘அம்ரித்’ முறையும் ஆய்வகத்தோடு நிற்காமல் வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் போய்ச் சேர்ந்தவை.

செல்போன் சிப்பில் ‘3 நானோமீட்டர்’ என்று சொல்வது தலைமுறைப் பெயர். உள்ளே எந்தப் பாகத்தின் அளவும் சரியாக 3 நானோமீட்டர் அல்ல. நேர்காணலில் இதைத் தவறாகச் சொல்லாதீர்கள்.

நானோ யூரியா தெளித்தால் மூட்டை யூரியாவை நிறுத்திவிடலாமா? வாடிப்பட்டி, மேலூர் நெல் விவசாயிகள் அதிகம் கேட்பது இதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது 20.7 கிலோ. 2021இல் உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ அறிமுகப்படுத்திய 500 மில்லி நானோ யூரியா புட்டியில் 4 விழுக்காடு, அதாவது 20 கிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். பின்னர் வந்த புட்டிகளில் அடர்த்தி கூட்டப்பட்டிருக்கிறது. 20 விழுக்காடு என்று வைத்தாலும் 100 கிராம்தான்.

இலை வழியாகக் கொடுக்கும்போது வீணாவது குறையும் என்பது சரி. மண்ணில் போடும் யூரியாவில் பெரும் பகுதி ஆவியாகவும் நீரோடும் போய்விடுகிறது என்பதும் சரி. ஆனாலும் ஒரு டன் நெல் விளைய பயிர் எடுக்கும் தழைச்சத்து கிலோ கணக்கில். அதை 20 கிராமால் ஈடுகட்ட முடியாது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் வயல் சோதனையில் மண்ணில் இடும் யூரியாவைக் குறைத்து நானோ யூரியா தெளித்த இடங்களில் நெல், கோதுமை விளைச்சல் இறங்கியது. எனவே அடியுரத்தைக் கைவிடாதீர்கள். தெளிப்பதென்றால் லிட்டருக்கு 2 முதல் 4 மில்லி, காலையிலோ மாலையிலோ, இலை நன்றாக விரிந்த பிறகு. ஒரு பாத்தியில் தெளித்து, ஒரு பாத்தியை விட்டுவைத்து, அறுவடையில் தனித்தனியாக எடை போட்டுப் பாருங்கள். வேளாண்மை படிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் கிடையாது.

சுங்குடிச் சேலைக்கு வெள்ளி நானோ பூச்சு கொடுத்து நாற்றம் வராமல் செய்யலாம் என்கிறார்களே?

செய்யலாம். நிற்குமா என்பதுதான் கேள்வி. பருத்தி இழையோடு வெள்ளித் துகளைப் பிணைக்கும் பொருள் இல்லாமல் வெறுமனே முக்கி எடுத்தால் சில சலவைகளிலேயே வெள்ளி கழுவிப் போய்விடும். போகும் வெள்ளி சாக்கடையில் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். தவிர வெள்ளிக் கரைசலுக்கு மஞ்சள், பழுப்பு நிறம் உண்டு. வெளிர் நிறச் சேலையில் அது கறை மாதிரித் தெரியும். 20 சலவைக்குப் பிறகு துணியில் எவ்வளவு வெள்ளி மிச்சம் என்று அளந்து காட்டாத எந்த ஆய்வையும் நம்ப வேண்டாம்.

பிளஸ் டூ முடித்ததும் பி.டெக். நானோடெக்னாலஜியில் சேரலாமா?

எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். பெரும்பாலான மாணவர்களுக்கு முதல் பட்டம் இயற்பியல், வேதியியல், மெட்டீரியல்ஸ், கெமிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் அல்லது பயோடெக் போன்ற ஓர் அடிப்படைத் துறையில் இருப்பது நல்லது. நானோவை எம்.எஸ்சி., எம்.டெக். நிலையில் எடுத்துக்கொள்ளலாம்.

காரணம் தேர்வுகளிலும் வேலை விளம்பரங்களிலும் இருக்கிறது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் நானோவுக்குத் தனித் தாள் இல்லை. இயற்பியல் அறிவியல், வேதி அறிவியல் தாள்கள்தான். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்விலும் அப்படியே. ‘கெமிஸ்ட்ரி பட்டதாரி தேவை’ என்று கேட்கும் மருந்து நிறுவனத்துக்கு நானோ பட்டம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கும். ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுத நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எம்.எஸ்சி. நானோ சயின்ஸ், எம்.எஸ்சி. இயற்பியலுக்கோ வேதியியலுக்கோ இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டு, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு முடிந்தபின் அலைவதில் பயனில்லை.

பி.டெக். நானோவில் சேர்ந்தவர்கள் தவறு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கணிதத்தையும் ஏதாவது ஓர் அடிப்படைத் துறையையும் கூடவே ஆழமாகப் படித்துக்கொண்டால் போதும்.

மதுரையைச் சுற்றி எங்கே படிக்கலாம்?

அடிப்படைப் பட்டத்துக்கு ஊரிலேயே நல்ல இடங்கள் உண்டு. 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், தியாகராசர் கல்லூரி ஆகியவற்றின் இயற்பியல், வேதியியல் துறைகள், பொறியியலுக்குத் திருப்பரங்குன்றம் பக்கம் தியாகராசர் பொறியியல் கல்லூரி, முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் நாகமலை புதுக்கோட்டை அருகில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம்.

மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் காரைக்குடி. அழகப்பா பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியலுக்கென்றே துறை இருக்கிறது. அதே ஊரில் மத்திய அரசின் சிக்ரி, அதாவது மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். பேட்டரி, அரிமானத் தடுப்பு, மின்முலாம் பற்றி ஆர்வம் இருந்தால் தென் மாவட்டத்தில் சிக்ரிக்கு இணை கிடையாது. வேளாண்மைப் பக்கம் போவதென்றால் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அதே ஊரில் பாரதியார் பல்கலைக்கழகம். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் ஆகிய இடங்களிலும் நானோவுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும்?

கட்டடத்தைப் பார்க்காதீர்கள், கருவியைக் கேளுங்கள். ‘எங்களிடம் எக்ஸ்.ஆர்.டி. இருக்கிறது’ என்பார்கள். எக்ஸ்-கதிர் பாய்ச்சிப் படிக அமைப்பை அறியும் கருவி அது. இருப்பது ஒன்று, மாணவர் கையால் இயக்குவது வேறு. பல இடங்களில் மாணவர் மாதிரியைப் பொட்டலமாகக் கொடுத்துவிட்டு வருவார், டெக்னீஷியன் ஓட்டி ஃபைலை அனுப்புவார். இரண்டு ஆண்டு படித்தும் கருவியின் கதவைத் திறந்து பார்க்காமல் வெளியே வருகிறவர்கள் இருக்கிறார்கள். நேர்காணலில் ‘ஸ்டெப் சைஸ் (ஒவ்வொரு தடவையும் நகர்த்தும் கோணம்) என்ன வைத்தீர்கள்?’ என்று கேட்டதும் மாட்டிக்கொள்வது அவர்கள்தான்.

துறைத் தலைவரிடம் கேட்பதைவிட இரண்டாம் ஆண்டு எம்.எஸ்சி. மாணவர் இரண்டு பேரிடம் தனியாகக் கேளுங்கள்: கரைசல் எந்த ஒளியை விழுங்குகிறது என்று அளக்கும் யூ.வி. ஸ்பெக்ட்ரோமீட்டரை நீங்களே ஓட்டினீர்களா? எக்ஸ்.ஆர்.டி. கருவியின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா? கருவி கடைசியாக எத்தனை மாதம் பழுதாகிக் கிடந்தது? ஆய்வகத்துக்கு வரும் நீர் எங்கே சுத்திகரிக்கப்படுகிறது? நச்சுப் புகையை வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டில் காற்று இழுக்கிறதா? கடைசிக் கேள்விக்கு நீங்களே பதில் கண்டுபிடிக்கலாம்: ஒரு டிஷ்யூ தாளை ஹூட்டின் திறப்பில் பிடியுங்கள், உள்பக்கம் வளைய வேண்டும்.

கல்லூரியில் கருவி இல்லையென்றால் வெளியே ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். ஐ-ஸ்டெம் என்ற தேசிய இணையதளத்தில் நாடு முழுவதும் உள்ள ஆய்வுக் கருவிகளை முன்பதிவு செய்யலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸின் சைஃப் மையம் கட்டணத்துக்கு மாதிரிகளைச் சோதித்துத் தருகிறது. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., ஐ.ஐ.டி. பம்பாய் போன்ற இடங்களில் ஐ.என்.யூ.பி. திட்டத்தின் கீழ் வெளி மாணவர்களுக்கு நேரடிக் கைப்பயிற்சி நடக்கிறது. விண்ணப்பிக்கச் சோம்பல் படாதீர்கள்.

ஆய்வகத்தில் முதலில் செய்யக்கூடிய நம்பகமான பயிற்சி எது?

வெள்ளி நானோதுகள். செலவு குறைவு, விளைவு கண்ணுக்குத் தெரியும்.

100 மில்லி சுத்த நீரில் 17 மில்லிகிராம் சில்வர் நைட்ரேட் கரைத்தால் 1 மில்லிமோலார் கரைசல். வேறொரு குடுவையில் 100 மில்லி பனிக்குளிர் நீரில் 7.6 மில்லிகிராம் சோடியம் போரோஹைட்ரைடு; வெள்ளி அயனியை உலோக வெள்ளியாக மாற்றுவது இதுதான். இது 2 மில்லிமோலார். போரோஹைட்ரைடு கரைசலில் 30 மில்லியை எர்லன்மேயர் குடுவையில் எடுத்து, ஐஸ் தொட்டியில் வைத்து, காந்தக் கலக்கியை ஓட விடுங்கள். குளிர்ந்த பிறகு, சில்வர் நைட்ரேட்டில் 10 மில்லியை நொடிக்கு ஒரு சொட்டு வீதம் விடுங்கள். முதல் சில மில்லியிலேயே இளமஞ்சள் தெரியும், முடியும்போது பளிச்சென்ற மஞ்சள். கடைசிச் சொட்டு விழுந்ததும் கலக்கியை நிறுத்திவிட வேண்டும். யூ.வி. ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்தால் வரைபடத்தில் 400 நானோமீட்டர் பக்கத்தில் ஒற்றை முகடு வரும்.

தங்கத்துக்கு டர்கெவிச் 1951இல் சொன்ன முறை. 20 மில்லி 1 மில்லிமோலார் குளோரோஆரிக் அமிலத்தைக் கொதிக்க வைத்து, கலக்கிக்கொண்டே 1 விழுக்காடு டிரைசோடியம் சிட்ரேட் 2 மில்லியை ஒரே தடவையில் ஊற்றுங்கள். மஞ்சள் மறையும், கருநீலமாகும், பிறகு ஒயின் சிவப்பு. பத்து நிமிடம் போதும். தங்க உப்பை இரும்புக் கரண்டியால் எடுக்காதீர்கள், கரண்டியிலேயே தங்கம் படிந்துவிடும். ஈரம் உறிஞ்சும் பொருள் என்பதால் மழை நாளில் புட்டியைத் திறந்து வைத்து எடை போடக் கூடாது.

செய்தோம், மஞ்சள் வரவில்லை. ஏன்?

பால் மாதிரி வெண்மையாகக் கலங்கினால் நீரில் குளோரைடு இருக்கிறது. வெள்ளி குளோரைடாகப் படிந்துவிட்டது. மதுரை போர் தண்ணீரில் உப்பு அதிகம். குழாய் நீரில் கழுவிய குடுவையைச் சுத்த நீரில் மூன்று முறை அலசாமல் பயன்படுத்தினாலே இது நடக்கும். குடுவைகளை முந்தின நாள் நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து அலசிக் கவிழ்த்து வையுங்கள்.

நிறமே வரவில்லை என்றால் போரோஹைட்ரைடு செத்துவிட்டது. அது தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனாகப் போய்விடும், அதனால்தான் ஐஸும் புதிதாகக் கரைப்பதும். காலையில் கரைத்ததை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து ஊற்றினால் வராது. மே மாதத்தில் ஐஸை இரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கும்.

மஞ்சள் வந்து பிறகு ஊதா, சாம்பல் ஆனால் துகள்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. நிறுத்த வேண்டிய நேரத்தில் கலக்கியை நிறுத்தாததோ, வெள்ளிக் கரைசலை வேகமாக ஊற்றியதோ காரணம். நாள்பட வைத்திருக்க வேண்டுமென்றால் துகள்கள் ஒட்டாமல் காக்கும் பாலிமரான பி.வி.பி.யின் 0.3 விழுக்காடு கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். தங்கம் சிவப்பிலிருந்து நீலமாவதற்கும் காரணம் இதேதான். சிறிது சமையல் உப்பைப் போட்டு வேண்டுமென்றே செய்தும் காட்டலாம்.

வேப்பிலைச் சாறு, துளசிச் சாறு வைத்துச் செய்யும் ‘கிரீன்’ புராஜெக்ட் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் எண்ணற்ற மாணவர்கள் செய்வது இதுவே, பெரும்பாலும் ஒரே பிழைகளோடு. செய்முறை எளிது: 10 கிராம் இலையை 100 மில்லி நீரில் 10 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தச் சாறு 10 மில்லியை 90 மில்லி சில்வர் நைட்ரேட்டில் கலந்தால் பழுப்பாகும். சிக்கல் அதற்குப் பிறகு.

இலையில் இயல்பாகவே குளோரைடு உண்டு. எக்ஸ்.ஆர்.டி.யில் வெள்ளிக்கு 38.1, 44.3, 64.4, 77.4 பாகைகளில் முகடுகள் வர வேண்டும். கூடவே 27.8, 32.2, 46.2 பாகைகளில் வந்தால் அது வெள்ளி குளோரைடு. அதைத் ‘தாவரச் சேர்மங்களின் முகடு’ என்று எழுதிவிடுகிறார்கள்.

அடுத்தது பாக்டீரியா சோதனை. துகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் போட்டுக் கழுவாமல் தட்டில் வைத்தால் பாக்டீரியாவைக் கொன்றது துகளா, வினைபுரியாமல் மிஞ்சிய வெள்ளி அயனியா என்று சொல்ல முடியாது. வெறும் இலைச்சாறு, வெறும் சில்வர் நைட்ரேட், கழுவிய துகள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். அதே இலையை மழைக்காலத்தில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை பறித்துச் செய்து முடிவு ஒத்துவருகிறதா என்று பார்த்தால் உங்கள் புராஜெக்ட் தனித்து நிற்கும்.

எக்ஸ்.ஆர்.டி.யிலிருந்து துகள் அளவை எப்படிக் கணக்கிடுவது?

ஷெரர் வாய்பாடு. 0.9ஐ எக்ஸ்-கதிர் அலைநீளத்தால் பெருக்கி, முகட்டின் பாதி உயர அகலத்தையும் கோணத்தில் பாதியின் கோசைனையும் பெருக்கிவந்த எண்ணால் வகுக்க வேண்டும்.

துத்தநாக ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். முகடு 36.25 பாகையில், அகலம் 0.4 பாகை. தாமிரக் குழாயின் அலைநீளம் 0.15406 நானோமீட்டர். 0.4 பாகையை ரேடியனாக்கினால் 0.00698. 18.125 பாகையின் கோசைன் 0.9504. விடை 20.9 நானோமீட்டர்.

பிழைகள் மூன்று. அகலத்தை ரேடியனாக்க மறந்தால் 0.36 நானோமீட்டர் என்று வரும். ஒன்றிரண்டு அணு அகலம்தான் அது, படிகமே ஆகாது. அப்படியே ஆய்வேட்டில் அச்சாகிவிடுவதும் உண்டு. கோணத்தைப் பாதியாக்க மறப்பது இரண்டாவது. மூன்றாவது, கருவி தானே உண்டாக்கும் அகலத்தைக் கழிக்காமல் விடுவது. அதற்குத் தரப்படுத்திய சிலிக்கான் மாதிரியை ஒருமுறை ஓட்டிவைக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த வாய்பாடு தருவது படிகத்தின் அளவு. ஒரு துகளுக்குள் பல படிகங்கள் இருக்கலாம், மாதுளைக்குள் முத்துகள் மாதிரி. துகளின் மேற்பரப்பைப் படமெடுக்கும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியான எஸ்.இ.எம். 80 நானோமீட்டர் என்றும் எக்ஸ்.ஆர்.டி. 21 என்றும் சொன்னால் இரண்டுமே சரியாக இருக்கலாம்.

எஸ்.இ.எம்., டி.இ.எம்., டி.எல்.எஸ். ஒவ்வொன்றும் ஓர் அளவு சொன்னால் எதை நம்புவது?

டி.எல்.எஸ்., அதாவது ஒளிச்சிதறல் முறை, திரவத்தில் நீந்தும் துகளை, அதன் உறையையும் ஒட்டிய நீரையும் சேர்த்து அளக்கிறது. எனவே துகளை ஊடுருவிப் படமெடுக்கும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியான டி.இ.எம்.ஐவிடப் பெரிதாகவே வரும். சிறு துகள் சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் படிக்கு ஏற்பக் கூடும். ஒரு 100 நானோமீட்டர் துகள், பத்து லட்சம் 10 நானோமீட்டர் துகளுக்குச் சமமாக ஒளிரும். மாதிரியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் விடாமல் அளந்தால் அதைவிடப் பெரிய தூசியைத்தான் அளப்பீர்கள்.

எஸ்.இ.எம்.முக்கு மின்கடத்தா மாதிரியின் மேல் தங்கம் பூசுவார்கள். பூச்சு 10 நானோமீட்டருக்கு வந்துவிட்டால் அந்தத் தங்கக் குருணைகளையே துகள் என்று எண்ணிவிடுவோம். டி.இ.எம்.முக்கு 3 மில்லிமீட்டர் தாமிர வலையில் ஒரு சொட்டு விட்டு உலர்த்த வேண்டும். கரைசல் அடர்த்தியாக இருந்தால் காப்பிக் கறை போல ஓரத்தில் குவியும். நிறம் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அளவுக்கு நீர்க்கச் செய்யுங்கள். படத்தில் அழகான பத்துத் துகளை அளந்து சராசரி எழுதாதீர்கள். இமேஜ்-ஜே என்ற இலவச மென்பொருளில் குறைந்தது 200 துகள் எண்ணுங்கள்.

ஆபத்து உண்டா?

உண்டு. திரவத்தில் இருக்கும் துகளைவிட உலர்ந்த தூள்தான் கவலை. கண்ணுக்குத் தெரியாமல் மிதந்து நுரையீரலின் அடிவரை போகும். உலர்ந்த தூளை ஃபியூம் ஹூட்டுக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கையாளுங்கள். துணி முகக்கவசம் போதாது, என்-95 வேண்டும். சிந்தியதை விளக்குமாறால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். நானோ அலுமினியம் போன்ற உலோகத் தூள் காற்றில் தானே தீப்பிடிக்கக்கூடியது. பட்டாசுத் தொழில் உள்ள வட்டாரத்தில் இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது: ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

தங்கத்துக்கான குடுவையைக் கழுவும் ராஜதிராவகத்தை (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) மூடிபோட்டு வைக்காதீர்கள். வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும். வெள்ளிக் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிக் கேனில் சேர்த்து, உப்புப் போட்டுப் படியவைத்து வெள்ளியை மீட்கலாம்.

வேலை கிடைக்குமா?

‘நானோ விஞ்ஞானி’ என்ற பெயரில் விளம்பரம் அரிதாகத்தான் வரும். அதைத் தேடி உட்கார வேண்டாம். ரப்பர் கலவை, பெயின்ட், சாயம், மருந்து, கண் லென்ஸ், பேட்டரி, செமிகண்டக்டர் எல்லாவற்றிலும் தரக்கட்டுப்பாடு, ஃபார்முலேஷன், புராசஸ் வேலைகளுக்கு ஆள் வேண்டும். துகள் அளவை அளக்கத் தெரிந்து, அளவு ஏன் தவறாக வந்தது என்று சொல்லத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு. கருவி விற்கும் நிறுவனங்களில் அப்ளிகேஷன் பணியும் நல்ல வழி, மாணவர்கள் அதை யோசிப்பதே இல்லை.

ஆராய்ச்சிக்குப் போவதென்றால் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400. ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கு ஜாம் தேர்வு. பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டிலேயே அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் பெரிய ஆய்வகத்தில் இருப்பது ஒரு வருடப் பாடத்துக்குச் சமம்.

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தோம். முடியுமா?

முடியும். பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது, கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஆங்கிலம் முதல் ஆறு மாதம் கஷ்டமாக இருக்கும். ஆய்வகக் குறிப்பேட்டில் என்ன செய்தீர்கள் என்பதைத் தமிழிலேயே எழுதிவிட்டு, கீழே ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதிப் பழகுங்கள். மோலார் கணக்கும் நீர்க்கச் செய்யும் கணக்கும் கைவந்தால் மொழி தடையாகாது. அந்தக் கணக்கில்தான் ஆங்கில வழி மாணவர்களும் தடுமாறுகிறார்கள்.

பள்ளி மாணவர்கள் வீட்டிலேயே பார்க்கக்கூடியது ஏதாவது?

தாமரை இலை ஒன்று போதும். கிடைக்காவிட்டால் சேம்பு இலை. தண்ணீர்ச் சொட்டு விட்டால் முத்தாக உருளும். இலையின் மேல் மைக்ரான் அளவு மேடுகள், அவற்றின் மேல் நானோ அளவு மெழுகுக் குச்சிகள். சொட்டு அந்த முனைகளில் மட்டும் நிற்கிறது, அடியில் காற்று. கொஞ்சம் மண்ணைத் தூவி நீர் விடுங்கள், சொட்டு மண்ணைத் திரட்டிக்கொண்டு ஓடும். அடுத்து இலையின் ஒரு பாதியைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடி நீர் விடுங்கள். தேய்த்த பாதியில் சொட்டு தட்டையாகப் படிந்து நிற்கும், தேய்க்காத பாதியில் உருளும். மெழுகுப் பொருள் இரண்டு பக்கமும் இருக்கிறது. தேய்த்த பக்கத்தில் வடிவம் மட்டும் போய்விட்டது. கடைசியாகச் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு, தேய்க்காத பக்கத்தில். என்ன ஆகிறது, ஏன் என்று எழுதி வைத்து, இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.